ஊர் ஃபுட்பால் டோர்னமெண்ட்ல டைம் கடத்துறவங்களையும் ரெஃப்ரிய சுத்தி நின்னு கத்துறவங்களையும் எப்படி சமாளிக்கிறது

1-0, கடைசி அஞ்சு நிமிஷம், பந்து கீப்பர் கையில. அவன் அத பச்சக் குழந்த மாதிரி நெஞ்சோட அணைச்சுகிட்டு முதல்ல படுப்பான், அப்புறம் ஆற அமர எந்திரிப்பான், எல்லாரையும் மேல போங்க மேல போங்கன்னு கை காட்டுவான், ரெண்டு தட்டு தட்டுவான், அப்பவும் அடிக்க மாட்டான். எதிர் டீம்ல பத்து பேரும் ரெஃப்ரிய பார்த்து கத்த ஆரம்பிப்பாங்க, கயித்துக்கு வெளிய நிக்கிற கூட்டம் ரெஃப்ரியோட குடும்பத்தையே இழுக்கும். ஊர் மேட்ச்சுக்கு விசில் ஊதுற யாரும் இத அனுபவிக்காம இருக்க முடியாது, நான் பல வருஷமா ஊதுறேன், காதுல வாங்காத வார்த்த இல்ல.

இப்ப கொஞ்ச வருஷமா ஃபுட்பால் ரூல்ஸ்ல இந்த ரெண்டு வியாதிக்கும் நிறைய மருந்து வந்துருக்கு. ஆனா டிவில பாக்குறது வேற, நம்ம கிரவுண்டு வேற. நமக்கு வி.ஏ.ஆர் (வீடியோவ பார்த்து முடிவ சரிபார்க்கிறது) இல்ல, நாலாவது ரெஃப்ரி இல்ல, லைன்ஸ்மேன் ரெண்டு பேர் கிடைச்சா அன்னிக்கி அதிர்ஷ்டம். அதனால எந்த ரூல எடுத்துக்கலாம், எப்படி செய்யலாம், எத விட்டுடலாம்னு நான் செஞ்சு பார்த்தத வச்சு சொல்றேன். ஒரு விஷயம் முன்னாடியே, உங்க டோர்னமெண்ட் மாவட்ட சங்கத்துக்கு கீழ நடக்குதுன்னா அவங்கள கேக்காம ரூல்ஸ்ல கை வைக்காதீங்க, கமிட்டியே சொந்தமா நடத்துற மேட்ச்னா மட்டும் உங்க இஷ்டம்.

முதல்ல கீப்பர் விஷயம், ஏன்னா மத்த எல்லாத்துக்கும் சூட்சுமம் இதுலதான் இருக்கு. கீப்பர் பந்த கையில 6 செகண்டுக்கு மேல வச்சுக்க கூடாதுன்னு 2000-ல இருந்தே ரூல் இருந்துச்சு. இருந்துச்சு அவ்வளவுதான். யாராவது விசில் ஊதி பார்த்துருக்கீங்களா? ஊத மாட்டாங்க, ஏன்னா அதுக்கு தண்டனை இன்டைரக்ட் ஃப்ரீகிக் (நேரா கோல் போட முடியாது, இன்னொருத்தர் மேல பந்து படணும்), அதுவும் பாக்ஸுக்குள்ள, கோலுக்கு எட்டு பத்து மீட்டர்ல பந்த வச்சு பதினோரு பேரும் லைன்ல நின்னு மறிக்கிற அளவுக்கு பெரிய கூத்து. ரெண்டு செகண்டு லேட்டுக்கு ஒரு கோல் வாய்ப்பு குடுக்கணும்னா எந்த ரெஃப்ரிக்கும் மனசு வராது, கீப்பருக்கும் அது தெரியும், அதனால அவன் பதினஞ்சு இருபதுன்னு இழுப்பான். தண்டனை பெருசா இருந்ததாலயே அது யாருக்கும் விழல.

2025 மார்ச்ல பெல்ஃபாஸ்ட்ல நடந்த கூட்டத்துல இத மாத்துனாங்க. ஃபுட்பால் ரூல்ஸ் எழுதுறது ஃபிஃபா மட்டும்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, ஐஎஃப்ஏபின்னு தனியா ஒரு போர்டு இருக்கு, 1886-ல ஆரம்பிச்சது, அதுல ஃபிஃபாவுக்கு 4 ஓட்டு, இங்கிலாந்து ஸ்காட்லாந்து வேல்ஸ் வட அயர்லாந்துக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு, மொத்தம் எட்டுல ஆறு விழுந்தாதான் ரூல் மாறும். (ஸ்காட்லாந்துக்கு ஒரு ஓட்டு, அஞ்சு உலகக் கோப்பை ஜெயிச்ச பிரேசிலுக்கு தனியா ஓட்டே இல்ல, அந்த பஞ்சாயத்த இன்னொரு நாள் பேசலாம்.) அவங்க செஞ்சது ரொம்ப சிம்பிள், நேரத்த 8 செகண்டா ஏத்திட்டாங்க, தண்டனைய கார்னரா இறக்கிட்டாங்க. கார்னர் குடுக்க எந்த ரெஃப்ரிக்கும் கை நடுங்காது. இங்கிலாந்து ஜூனியர் லீக்லயும் மால்டாவுலயும் சோதனை பண்ணி பார்த்தப்ப விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் கார்னர் குடுக்க வேண்டி வந்துச்சு, கீப்பருங்க தானா பந்த விட்டுட்டாங்க. அந்த வருஷமே க்ளப் வேர்ல்டு கப்ல தென்னாப்பிரிக்காவோட மாமெலோடி சண்டவுன்ஸ் கீப்பர் ரான்வென் வில்லியம்ஸ் கொரியாவோட உல்சான் டீமுக்கு எதிரா மாட்டுனார், கார்னர் போச்சு, ஆனாலும் மேட்ச்ச 1-0ன்னு சண்டவுன்ஸ் ஜெயிச்சுட்டாங்க.

இத நம்ம கிரவுண்டுல எப்படி செய்யறது. பந்து கையில பட்ட உடனே எண்ண ஆரம்பிச்சுடாதீங்க, அங்கதான் புது ரெஃப்ரிங்க எல்லாரும் தப்பு பண்றது. கூட்டத்துக்குள்ள விழுந்து புடிச்சான்னா அவன் மேல கெடக்குறவன் எந்திரிக்கணும், அவன் எந்திரிக்கணும், பந்து முழுசா அவன் கட்டுப்பாட்டுல வந்துருச்சுன்னு உங்களுக்கு தோணணும், அப்பதான் கணக்கு ஆரம்பம். வேணும்னே படுத்து கெடக்குறான்னா அது வேற, எந்திரின்னு ஒரு தடவ சொல்லுங்க, சொல்லிட்டு எண்ணுங்க. முதல் மூணு செகண்டு மனசுக்குள்ள. நாலாவதுல இருந்து கைய மேல தூக்கி அஞ்சு விரலையும் விரிச்சு ஒவ்வொன்னா மடக்கணும், கீப்பருக்கும் தெரியணும், கூட்டத்துக்கும் தெரியணும். இந்த விரல் மடக்குறதுதான் உயிர், ஏன்னா அதுக்கப்புறம் விசில் ஊதுனா "என்ன சார் திடீர்னு"ன்னு ஒருத்தனும் கேக்க முடியாது, பார்க்க வந்த பெருசுங்களே சேர்ந்து அஞ்சு, நாலு, மூணுன்னு எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. நான் முதல் தடவ செஞ்ச மேட்ச்ல அப்படித்தான் ஆச்சு, கீப்பர் பயந்து போய் பந்த நேரா எதிர் டீம் ஆள் காலுக்கே அடிச்சு குடுத்துட்டான், பாவம்.

ஒரு எச்சரிக்கை, டென்ஷன்ல நம்ம எண்ணிக்கை தானா வேகமாயிடும், எட்டுன்னு நெனச்சு அஞ்சுலயே ஊதிடுவோம். வீட்ல வாட்ச்ச வச்சுகிட்டு நாலு நாள் எண்ணி பழகுங்க, வீட்டம்மா சிரிச்சா சிரிக்கட்டும். அப்புறம் எதிர் ஃபார்வர்டு கீப்பர் முன்னாடி வழி மறிச்சு நின்னு ஆடுனா எண்ணிக்கைய நிறுத்திட்டு அவன நகர சொல்லுங்க, கீப்பர் கையில இருந்து பந்த விட விடாம தடுக்குறதும் ஃபவுல்தான். கார்னர் எந்த பக்கம்னு கேள்வி வரும், கீப்பர் நின்ன இடத்துக்கு எந்த மூலை பக்கமோ அங்க. இதுக்கு மஞ்சள் கார்டு தேவையில்ல, திரும்ப திரும்ப அதே வேலையா திரிஞ்சா மட்டும் எடுங்க.

இதே கணக்க த்ரோவுக்கும் கோல்கிக்குக்கும் கொண்டு வந்துட்டாங்க. 2026 பிப்ரவரி கடைசியில வேல்ஸ்ல நடந்த கூட்டத்துல முடிவாச்சு, 2026 உலகக் கோப்பையில இருந்தே நடைமுறை. வேணும்னே லேட் பண்றான்னு ரெஃப்ரிக்கு பட்டா 5 செகண்டு விரல் கணக்கு, அதுக்குள்ள போடலன்னா த்ரோ எதிர் டீமுக்கு, கோல்கிக்னா எதிர் டீமுக்கு கார்னர். கவனிங்க, ஒவ்வொரு த்ரோவுக்கும் எண்ண சொல்லல, பந்து ஓடைக்குள்ள விழுந்து எடுத்துட்டு வர்றவன எண்ணி என்ன பண்ண போறீங்க. பந்து கையில இருக்கு, போடுற மாதிரி போயிட்டு நீ போடு நீ போடுன்னு மூணு பேர் கை மாத்துறான் பாருங்க, அங்க எண்ணணும். நம்ம கிரவுண்டுகளுக்கு இந்த ரூல்தான் எல்லாத்தையும் விட அதிகமா உதவும்னு நான் சொல்லுவேன், ஏன்னா நம்ம ஊர்ல டைம் போறதே பந்து வெளிய போகும்போதுதான். அதனால ரூலுக்கு முன்னாடி ரெண்டு பந்து எக்ஸ்ட்ரா வாங்கி வைங்க, சின்ன பசங்க நாலு பேர நாலு பக்கமும் நிறுத்துங்க, மேட்ச் முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு கூல்டிரிங்ஸ். ஆனா பசங்க ரெண்டு ஊர்லயும் கலந்து இருக்கணும், இல்லன்னா ஹோம் டீம் லீடிங்ல இருக்கும்போது பந்து மாயமா மறைஞ்சுடும்.

ஆள் மாத்துறது. 1-0 லீடிங்ல 88-வது நிமிஷம் மாத்துவாங்க, வெளிய வரவேண்டியவன் கிரவுண்டோட அந்த கோடியில நிப்பான், கைதட்டிகிட்டே கல்யாண ஊர்வலம் மாதிரி வருவான், வழியில கேப்டனுக்கு கட்டிப்புடி, ரெஃப்ரிக்கு ஒரு கைகுலுக்கல். 2019-லயே இதுக்கு ரூல் வந்துருச்சு, எந்த லைன் பக்கமோ அந்த பக்கமா வெளிய போகணும், அப்புறம் வெளி பக்கமா சுத்தி வந்துக்கலாம். இப்ப கூடுதலா 10 செகண்டுக்குள்ள வெளிய போகணும், போகலன்னா அவன் எப்படியும் போகத்தான் வேணும், ஆனா உள்ள வரவேண்டியவன் மேட்ச் திரும்ப ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் ஆகி அப்புறம் பந்து நிக்கிறப்பதான் வர முடியும். அது வரைக்கும் டீம் பத்து பேரோட ஆடணும். நான் ஒரு தடவ இத செஞ்சேன், அதுக்கப்புறம் அந்த டோர்னமெண்ட் முழுக்க வெளிய போறவன் எல்லாம் ஓடித்தான் போனான்.

அடிபட்டு படுக்குறது கொஞ்சம் சிக்கல், இதுல ஜாக்கிரதை வேணும். புது ரூல்படி மேட்ச்ச நிறுத்தி ஒருத்தனுக்கு வைத்தியம் பார்த்தா அவன் வெளிய போய் ஒரு நிமிஷம் இருந்துட்டுதான் வரணும் (இங்கிலாந்து பிரீமியர் லீக்ல ஏற்கனவே 30 செகண்டுன்னு வச்சுருந்தாங்க). ஆனா கீப்பருக்கு இது கிடையாது, கீப்பரும் இன்னொரு ஆளும் மோதிகிட்டா கிடையாது, எதிர் ஆள் கார்டு வாங்குற அளவுக்கு அடிச்சு அதுல விழுந்தவனுக்கும் கிடையாது, அடிச்சவன் உள்ள நிக்க அடிபட்டவன் வெளிய நிக்கிறது அநியாயம் இல்லையா. தலையில அடின்னா கணக்கே பார்க்காதீங்க, ரூல் புக்க தூக்கி ஓரமா வச்சுட்டு உடனே மேட்ச்ச நிறுத்துங்க. நடிக்கிறானா நிஜமான்னு நமக்கு தெரியாது, தெரியவும் வேண்டாம், இந்த ரூல் அந்த கேள்விய கேக்கறதே இல்ல. படுத்தியா, தண்ணி பாட்டிலோட ஆள் வந்தாரா, சரி தம்பி வெளிய வா, ஒரு நிமிஷம். நிஜமா வலிக்கிறவனுக்கு அந்த ஒரு நிமிஷம் நல்லது, நடிக்கிறவன் அடுத்த தடவ படுக்க யோசிப்பான்.

இன்னொன்னு, டைம் வேஸ்டுன்னு கூட்டம் கத்துற எல்லாமே தப்பு கிடையாது. கார்னர் கொடி பக்கத்துல போய் பந்துக்கு முன்னாடி முதுக காட்டி நிக்கிறது முழு நியாயமான ஆட்டம், பந்து கால்ல இருக்கு, எதிர் ஆள் வந்து எடுக்கட்டும். பின்னாடி பாஸ் பண்ணி பண்ணி ஆடுறதும் அப்படித்தான். கீப்பருக்கு காலால குடுத்தத அவன் கையில எடுக்க கூடாது, அது மட்டும்தான் ரூல். 1990 உலகக் கோப்பைல கீப்பருக்கு பின்னாடி தள்ளி தள்ளி ஆடியே சாகடிச்சாங்க, 52 மேட்ச்ல 115 கோல்தான், பார்த்தவனுக்கு தூக்கம் வந்துச்சு, அதனாலதான் 1992-ல அந்த ரூலே வந்தது.

சரி, இப்ப கத்துறவங்க விஷயம். இதுக்கு மஞ்சள் கார்டு ரூல் எப்பவும் இருக்கு, வாயாலயும் சரி செய்கையாலயும் சரி ரெஃப்ரி முடிவ எதிர்த்தா கார்டு. பந்த ஓங்கி தரையில அடிக்கிறது, நக்கலா கைதட்டுறது, வீடியோவ பாருங்கன்னு காத்துல டிவி பொட்டி வரைஞ்சு காட்டிகிட்டே இருக்கறது எல்லாம் இதுல வரும். (நம்ம கிரவுண்டுல கேமராவே இல்ல, போன வருஷம் ஒருத்தன் என்கிட்ட டிவி பொட்டி வரைஞ்சான், எந்த டிவிய பார்க்க சொல்றான்னு நான் சிரிச்சுட்டேன், கார்டு எடுக்க மறந்துட்டேன்.) ஆனா கெட்ட வார்த்தைல நேரா திட்டுனா அது இந்த கணக்கு இல்ல, அது ரெட் கார்டு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

பிரச்சனை என்னன்னா ஊர் டோர்னமெண்ட்ல மஞ்சள் கார்டுக்கு மதிப்பே இல்ல. பெரிய லீக்ல அஞ்சு கார்டு சேர்ந்தா ஒரு மேட்ச் போச்சு, நமக்கு மூணு நாள் டோர்னமெண்ட், யார் கணக்கு வச்சுக்கறா. ஒருத்தனுக்கு மஞ்சள் காட்டுனா அவன் சிரிச்சுகிட்டே போறான். அதனால ரெண்டு வேலை செய்யுங்க.

ஒன்னு, கேப்டன் மட்டும் பேசலாம். 2024 யூரோ கோப்பையில ஐரோப்பிய ஃபுட்பால் சங்கமான யுவேஃபா இத வச்சாங்க, கேப்டன தவிர வேற யாரு ரெஃப்ரிகிட்ட ஓடி வந்தாலும் மஞ்சள், அதுக்கு பதிலா ரெஃப்ரி ஏன் அந்த முடிவு எடுத்தேன்னு கேப்டனுக்கு விளக்கி சொல்லணும். நான் அந்த டோர்னமெண்ட் பார்த்தேன், எட்டு பேர் சேர்ந்து ரெஃப்ரிய சுவத்துல சாத்துற மாதிரி நெருக்குற காட்சி ரொம்பவே குறைஞ்சு போச்சு. அந்த ரெண்டாவது பாதிதான் முக்கியம், வாய மூடுன்னு மட்டும் சொன்னா நடக்காது, கேக்க ஒரு ஆள் இருக்கான், அவனுக்கு பதில் கிடைக்கும்னு தெரிஞ்சாதான் மத்தவன் சும்மா இருப்பான். கேப்டன் கையில பட்டி கண்டிப்பா இருக்கணும், பட்டி இல்லன்னா ரிப்பன் கட்டுங்க. கீப்பர் கேப்டனா இருந்தா அவ்வளவு தூரம் ஓடி வர முடியாது, வெளிய ஆடுற ஒருத்தன பேச சொல்லி மேட்ச்சுக்கு முன்னாடியே பேர் வாங்கிக்குங்க. பெரிய முடிவு எடுத்த உடனே, பெனால்டியோ ரெட் கார்டோ, நீங்க நாலு அடி பின்னாடி போய் கைய நீட்டி தடுத்துட்டு கேப்டன மட்டும் கூப்பிடுங்க, ரெண்டே வரி: "தம்பி, பந்துக்கு முன்னாடி கால்ல பட்டுச்சு, நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்." அவ்வளவுதான், வாக்குவாதத்துக்கு நிக்காதீங்க. அதே சமயம் ஓடிகிட்டே "சார் என்ன சார் இது"ன்னு ஒருத்தன் புலம்பிட்டு போறதுக்கெல்லாம் கார்டு எடுத்தா பதினோரு பேரும் வீட்டுக்கு போக வேண்டியதுதான், அது மனுஷ சுபாவம், விட்டுடுங்க.

ரெண்டாவது சின் பின், அதாவது கொஞ்ச நேரம் வெளிய உக்கார வைக்கிறது. இங்கிலாந்துல கீழ் மட்ட லீக்குகள்ல 2019-20 சீசன்ல இருந்து எல்லா இடத்துலயும் இருக்கு, ரெஃப்ரிய எதிர்த்து பேசுனா 10 நிமிஷம் வெளிய. அதுக்கு முன்னாடி 31 லீக்ல சோதனை பண்ணி பார்த்ததுல எதிர்த்து பேசுறது 38 சதவீதம் குறைஞ்சுதுன்னு அந்த நாட்டு ஃபுட்பால் சங்கமே சொல்லுச்சு. பெரிய மேட்ச்சுகளுக்கும் சின் பின் வச்சு அதுக்கு நீல கார்டு காட்டலாம்னு 2024-ல ஒரு பேச்சு வந்துச்சு, ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ அதுக்கே ரெட் கார்டுன்னு சொல்லி முடிச்சுட்டார். நமக்கு நீல கார்டெல்லாம் வேண்டாம், மஞ்சள காட்டிட்டு ரெண்டு கையாலயும் வெளிய கை காட்டுனா போதும்.

எவ்வளவு நேரம்னா மொத்த ஆட்டத்துல 10-ல இருந்து 15 சதவீதம், அதாவது டீமுக்கு ஏழு பேர் ஆடுற இருபது இருபது நிமிஷ செவன்ஸ் மேட்ச்னா 4-ல இருந்து 6 நிமிஷம், நான் 5 வச்சுக்குவேன். மேட்ச் திரும்ப ஆரம்பிச்ச அப்புறம்தான் நேரம் ஓடணும், இல்லன்னா அவன் டீம்காரன் ஃப்ரீகிக்க போடாமயே அஞ்சு நிமிஷத்த கழிச்சுடுவான். அவன் இடத்துக்கு வேற ஆள் வர முடியாது. ரெஃப்ரி தலையாட்டுனா மட்டும்தான் உள்ள வரலாம். அதே மேட்ச்ல ரெண்டாவது தடவயும் வாய விட்டா அவனுக்கு அன்னிக்கி ஆட்டம் முடிஞ்சுது. கீப்பர் வாய விட்டா? உள்ள ஆடுற ஒருத்தன் கிளவுஸ் போட்டுக்கணும், இது ஒரு தடவ நடந்தா போதும், அந்த ஊர் கீப்பருங்க ஏழு தலைமுறைக்கு வாய தொறக்க மாட்டாங்க.

இதுல நான் பண்ண தப்ப சொல்றேன், நீங்க பண்ணாதீங்க. முதல் தடவ சின் பின் வச்சப்ப டைம் பார்க்க தனியா ஆள் போடல, என் வாட்ச்சுலயே பார்த்துக்கலாம்னு நெனச்சேன். நடுவுல ஒரு பெனால்டி, ஒரு சண்டை, பையன வெளிய அனுப்புனதையே மறந்துட்டேன், அஞ்சு நிமிஷம் ஒன்பது ஆயிடுச்சு, அவன் லைன்ல நின்னு கைய ஆட்டிகிட்டே இருக்கான், பேசுனா திரும்ப வெளிய அனுப்பிடுவாரோன்னு பயத்துல வாயும் தொறக்கல! அந்த நாலு நிமிஷத்துல அவன் டீமுக்கு கோல் விழுந்துச்சு. மேட்ச் முடிஞ்சு நானே போய் மன்னிப்பு கேட்டேன். அதனால கமிட்டி மேஜைல ஒரு ஆள், ஒரு பேப்பர், ஒரு பேனா. ஜெர்சி நம்பர், போன நேரம், வர வேண்டிய நேரம், மூணு கட்டம் போதும்.

சிலர் கேப்பாங்க, ரக்பில செய்யற மாதிரி, கத்துனா ஃப்ரீகிக்க பத்து மீட்டர் முன்னாடி வச்சா என்னன்னு. இங்கிலாந்துல 2000 வாக்குல 10 கஜம் முன்னாடி நகர்த்தி பார்த்தாங்க, 2005-ல கைவிட்டாங்க. யோசிச்சு பாருங்க, கோலுக்கு 22 மீட்டர்ல இருக்குற ஃப்ரீகிக் அடிக்கிறவனுக்கு அல்வா, அத 13 மீட்டருக்கு கொண்டு வந்தா சுவர தாண்டி பந்த இறக்கவே முடியாது, தண்டனை யாருக்கு விழுதுன்னே தெரியாது. நம்ம கிரவுண்டுக்கு வேண்டவே வேண்டாம்.

எந்த ரூல் எடுத்தாலும் முதல் நிமிஷத்துல இருந்தே அத செய்யணும், 70 நிமிஷம் கண்டுக்காம விட்டுட்டு கடைசில எண்ண ஆரம்பிச்சா அடி நிச்சயம். 2024 ஆகஸ்ட்ல இங்கிலாந்து க்ளப் ஆர்சனலோட டெக்லன் ரைஸுக்கு பிரைட்டன் மேட்ச்ல என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கும், ஃப்ரீகிக் எடுக்க விடாம பந்த லேசா தட்டி விட்டார், ரெண்டாவது மஞ்சள், வெளிய. மூணே வாரத்துல மான்செஸ்டர் சிட்டி மேட்ச்ல அதே டீமோட ட்ரோசார்டுக்கும் பந்த தூர அடிச்சதுக்கு அதே. ரூல்படி ரெண்டுமே சரி. ஆனா ஆர்சனல்காரங்க இன்னிக்கி வரைக்கும் கேக்குறது, அந்த முதல் மேட்ச்ல பிரைட்டன் ஆளும் பந்த தூர அடிச்சான், அவனுக்கு ஏன் கார்டு இல்லன்னு. அந்த கேள்விக்கு லண்டன்லயே பதில் இல்ல, கயிறு கட்டுன கிரவுண்டுல உங்களால என்ன சொல்ல முடியும்.

கடைசியா, முதல் மேட்ச்சுக்கு அர மணி நேரம் முன்னாடி எல்லா கேப்டனையும் நிக்க வச்சு இத சொல்லுங்க, ரெண்டு பேர் கையெழுத்து போட்ட பேப்பரும் இருக்கட்டும், அப்புறம் மைக்லயும் வாசிக்க சொல்லுங்க, ஏன்னா கூட்டத்துக்கு தெரியணும். நாங்க வாசிக்கிறது இப்படி: "அன்பான விளையாட்டு வீரர்கள் கவனத்திற்கு. கீப்பர் கையில பந்து எட்டு எண்ணிக்கை, தாண்டுனா கார்னர். த்ரோவும் கோல்கிக்கும் ரெஃப்ரி விரல் காட்டுனா அஞ்சு எண்ணிக்கை. வெளிய போறவர் பத்து எண்ணிக்கைல போயிடணும். வைத்தியம் பார்த்தா ஒரு நிமிஷம் வெளிய. ரெஃப்ரிகிட்ட கையில பட்டி கட்டுனவர் மட்டும் பேசலாம், மத்தவங்க பேசுனா அஞ்சு நிமிஷம் கமிட்டி மேஜை பக்கத்துல உக்காரணும். மேட்ச் சரியா மூணரைக்கு ஆரம்பம், லேட்டா வர்ற டீமுக்கு டாஸ் கிடையாது."